சலாப முகாமில் ஒரு களவு: சாகசம் அமைக்க யோசனை வேண்டும்

கீழக்கரை_டிஎம்

எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். என் மேசையில் ஆடும் நாலு பேரில் இரண்டு பேர் மண்டபத்தில் படகுத் தொழில் செய்பவர்கள். வருடத்தில் இந்த ஒரு சமயத்தில்தான் எல்லாரும் ஒரே ராத்திரியில் மொட்டை மாடியில் உட்கார முடியும். அதற்குள் ஒரு நல்ல ஹெய்ஸ்ட், அதாவது களவுச் சாகசம், எழுதி வைக்க ஆசை. ஆட்டத்தை நடத்தும் டிஎம் நான்தான்.

டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை வீசிக் கதாபாத்திரமாக ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். எல்லாரும் ஐந்தாம் லெவல். ஒரு ரோக் (திருடன்), ஒரு விசர்ட் (மந்திரவாதி), ஒரு கிளெரிக் (பூசாரி), ஒரு பார்பேரியன் (முரட்டு வீரன்).

இப்போது கையில் இருப்பது இவ்வளவுதான்: நம் கடற்கரை மாதிரியே ஒரு ராஜ்ஜியம். கோட்டைக்கு அடியில் மூன்று அடுக்குக் கருவூலம். ஏழு பூட்டு, பூட்டுக்கு ஒரு பொறி. கடைசி அறையில் ராஜாவின் வலம்புரிச் சங்கு. அதைத் தூக்கி வரச் சொல்லி ஒரு வியாபாரி காசு கொடுக்கிறார்.

என் கவலை வேறு. போன முறை இதே மாதிரி ஒன்று நடத்தினேன். காவலாளி எத்தனை பேர், சுவர் எத்தனை அடி, கயிறு இருக்கிறதா, அந்தக் கயிறு யார் பையில் இருக்கிறது என்று பேசிப் பேசியே ராத்திரி போய்விட்டது. கடைசியில் பார்பேரியனுக்குப் பொறுமை போய்க் கதவை உடைத்தான். அப்புறம் வழக்கமான சண்டைதான். களவு மாதிரியே இல்லை. இந்த முறை எப்படி அமைத்தால் சரி வரும்?

லிச்லாத்தா

தம்பி, ஏழு பூட்டை வரிசையாக வைத்தால் அது களவு ஆகாது. அது டன்ஜன். முதல் கதவு, இரண்டாம் கதவு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். அவர்கள் தேர்ந்தெடுக்க அங்கே என்ன இருக்கிறது?

களவு நடக்கும் இடம் நாலா பக்கமும் திறந்து கிடக்க வேண்டும். சமையல்காரனாகப் போகலாம், சரக்கு மூட்டைக்குள் போகலாம், சுவர் ஏறலாம், விருந்தாளியாக முன்வாசலிலேயே போகலாம். எதில் போனாலும் ஏதாவது ஒரு சிக்கல் காத்திருக்கட்டும். எந்த வழி சரியான வழி என்று நீ முடிவு செய்து வைக்கக் கூடாது. நீ ஒரு வழியை மனதில் வைத்துவிட்டால் ஆடுபவர்கள் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிடுவார்கள். அப்புறம் அவர்கள் யோசிப்பது களவைப் பற்றி இல்லை, உன் மனதில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

திட்டம் போட்டே நேரம் போகிற வியாதிக்கு மருந்து ‘பிளேட்ஸ் இன் தி டார்க்’ ஆட்டத்தில் இருக்கிறது. அதில் திட்டமே போட வேண்டாம். எந்த மாதிரிக் களவு, எந்தப் பக்கம் நுழைகிறோம் என்று ஒரு வரி சொன்னால் போதும். ஒரு பகடை வீச்சு, நேராகக் காரியத்தின் நடுவில் இறங்கிவிடலாம். பையில் என்ன இருக்கிறது என்றும் முதலில் எழுத வேண்டாம். சுமை லேசா, நடுத்தரமா, கனமா என்று மட்டும் சொல்லிவிட்டு, தேவைப்படும்போது ‘இதோ கயிறு’ என்று எடுக்கலாம். காவலாளி குறுக்கே வந்தால், ‘இவனை நேற்றே கள்ளுக்கடையில் பார்த்துப் பேசி வைத்திருக்கிறேன்’ என்று பின்னோக்கிப் போய் ஒரு காட்சி ஆடலாம். அதற்கு ‘ஸ்ட்ரெஸ்’ என்ற புள்ளியை விலையாகக் கொடுக்க வேண்டும். சாதாரண ஏற்பாடு என்றால் சும்மாவே கிடைக்கும். நம்ப முடியாத ஏற்பாடு என்றால் இரண்டு, அதற்கும் மேலே.

பகடைப்பித்தன்

லாத்தா சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அந்த ஆட்டம் அதற்கென்றே செய்தது. ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒன்று அங்கே இருக்கிறது, அதனால் பின்னோக்கிப் போவதற்கு ஒரு விலை இருக்கிறது. டி அண்ட் டியில் அது கிடையாது. விலை இல்லாமல் விட்டால் விசர்ட் எல்லாவற்றையும் ‘நேற்றே செய்துவிட்டேன்’ என்பார். உண்மையாகவே முந்தின நாள் வேவு பார்த்த ரோக் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதோடு, திட்டம் போடுவது எல்லாருக்கும் வியாதி இல்லை. எனக்கு அதுதான் ஆட்டம். நேரம் வீணாவது திட்டத்தால் இல்லை, தகவல் இல்லாததால். காவலாளி எப்போது மாறுகிறான் என்று தெரியாதவர்கள்தான் எல்லாச் சாத்தியத்துக்கும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள். அதைச் சொல்லிவிடுங்கள், திட்டம் தானாகச் சுருங்கும்.

இன்னொன்று, பதுங்கிப் போகும் வீச்சு. பாதிப் பேர் இதைத் தப்பாகத்தான் நடத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஜெயிக்க 70 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேரும் தனித்தனியாக வீச வேண்டும், ஒருவர் தோற்றாலும் மாட்டிக்கொள்வார்கள் என்றால், தப்பிக்க வாய்ப்பு வெறும் 24 சதவீதம். அந்த மாதிரி வீச்சு இரண்டு தடவை வந்தால் ஆறு சதவீதத்துக்கும் கீழே. விதிப்புத்தகத்தில் குழு வீச்சு என்று ஒன்று இருக்கிறது: பாதிப் பேர் ஜெயித்தால் எல்லாரும் ஜெயித்த மாதிரி. அதே நாலு பேர், அதே 70. இப்போது வாய்ப்பு 92 சதவீதம். களவு எப்போதும் சண்டையில் முடிவதற்கு ஆடுபவர்களின் முட்டாள்தனம் காரணம் இல்லை, இந்தக் கணக்குதான்.

உச்சிப்புளி_ஊடுருவி

ஆடுபவன் பக்கத்திலிருந்து ஒரு விண்ணப்பம். நான் எப்போதும் ரோக்தான்.

காசு கொடுத்து அனுப்புகிற வியாபாரி கடைசியில் காலை வாரிவிடுகிற கதை தயவுசெய்து வேண்டாம் அண்ணே. ஒவ்வொரு டிஎம்மும் அதைத்தான் செய்கிறார்கள். இப்போதெல்லாம் வேலை கொடுக்க யார் வந்தாலும் எங்கள் கூட்டத்தில் முதல் கேள்வி, ‘இவரை எப்போது கொல்லலாம்?’

நீவாடு

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். பெரிய ஆட்டக்காரன் இல்லை, தம்பிமார் கூப்பிட்டால் உட்காருவேன். ஒரே ஒரு கேள்வி.

அந்தச் சங்கு அங்கே என்ன வேலை செய்கிறது?

கீழக்கரை_டிஎம்

வேலை என்றால்? விலை மதிப்பில்லாத பொருள் அண்ணே. வலம்புரி அபூர்வம், அதனால் கருவூலத்தில் இருக்கிறது.

நீவாடு

அதுதான் தம்பி சங்கடம். சும்மா இருக்கிற பொருளைச் சுற்றிச் சுவர் கட்டுவதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது. தினமும் வேலைக்குப் போகிற பொருள் என்றால் அது இடம் மாறும், கை மாறும். அதைத் துடைக்க ஒரு ஆள், சுமக்க ஒரு ஆள், பூட்டி வைக்க ஒரு ஆள் என்று இருப்பார்கள். ஒரு நேரம் காலம் இருக்கும். திருடுபவனுக்கு வேண்டியது அந்த நேரம்தானே.

நம் கடலிலேயே ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். முத்துச் சலாபம், அதாவது சீசனில் நடக்கும் முத்துக்குளிப்பு.

13-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, நமக்கும் இலங்கைக்கும் நடுவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சுறா குளியாட்களைத் தொடாமல் இருக்க மந்திரம் போடுபவர்கள் கூடவே வருவார்களாம். எடுக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி. பகல் முழுக்கச் சுறா வாயைக் கட்டி வைத்திருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், ராத்திரியில் எவனும் திருட்டுத்தனமாக இறங்கி முத்தெடுக்கக் கூடாது என்பதற்காக! வெள்ளைக்காரன் காலத்திலும் இந்த ஆட்கள் இருந்தார்கள். கடல்கட்டி என்று பெயர். அரசாங்கமே சம்பளம் கொடுத்து வைத்திருந்தது, அவர் வராமல் குளியாட்கள் தண்ணீரில் கால் வைக்க மாட்டார்கள் என்பதால்.

உங்கள் ராஜ்ஜியத்தில் அந்தக் கட்டு நிஜமாகவே வேலை செய்யட்டும். அந்தச் சங்கை ஊதித்தான் கடல்கட்டி கடலைக் கட்டுகிறார், அவிழ்க்கிறார் என்று வையுங்கள். இப்போது சங்குக்குத் தினமும் இரண்டு வேளை வேலை. கருவூலத்தில் தூங்க முடியாது. கடற்கரையில், ஓலைக் கொட்டகையில், ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில்தான் இருந்தாக வேண்டும்.

கீழக்கரை_டிஎம்

அண்ணே!!

கருவூலத்தைக் கிழித்துப் போட்டாயிற்று. கோட்டையே வேண்டாம். சலாப முகாம்தான் இடம். சீசனுக்காக மணலில் எழும்பி, முடிந்ததும் காணாமல் போகிற ஊர். மதில் கிடையாது, வாசல் கிடையாது. வியாபாரி, தரகர், குளியாள், ஃபக்கீர், பணம் மாற்றுபவர், சாப்பாட்டுக் கடை, சூதாட்டம் எல்லாம் இருக்கும். அந்த ஊரில் அந்நியன் என்று யாரையும் சந்தேகப்படவே முடியாது, எல்லாருமே அந்நியர்கள்தானே.

முகாம் தினசரி எப்படி நடக்கும் என்று இன்னும் சொல்லுங்கள். யாருக்காவது தெரிந்தால் அள்ளிப் போடுங்கள்.

நீவாடு

பெரியவர்கள் சொல்லியும் படித்தும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சலாபம் இரண்டு காற்றுக்கு நடுவில் கடல் அடங்கிக் கிடக்கும்போது நடக்கும். பங்குனி, சித்திரை வாக்கில். ராத்திரியில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாய் விரித்துத் தோணிகள் கூட்டமாகப் போகும். விடிகிற நேரத்தில் பார் (சிப்பி விளையும் கடலடித் திட்டு) மேலே நிற்கும். மதியம் வரை குளிப்பு. பிறகு கடலிலிருந்து கரைக்கு அடிக்கிற காற்றில் திரும்பி வரும்.

குளியாள் கல்லில் கால் வைத்து இறங்குவார். மேலே கயிற்றைப் பிடிப்பவர் அவர் உயிரைப் பிடித்திருக்கிறார். மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்று சொல்வார்கள். தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறதே, விடமாட்டான்.

வந்த சிப்பியைக் குவியலாகப் பங்கு பிரிப்பார்கள். குளியாட்களுக்கு ஒரு பங்கு. அரசாங்கப் பங்கு சாயங்காலம் ஏலம் போகும், ஆயிரம் ஆயிரமாக, திறக்காமலே. உள்ளே முத்து இருக்கிறதோ, வெறும் சதையோ, வாங்கினவன் தலையெழுத்து.

அப்புறம் அழுக விடுவது. சிப்பியைக் கையால் திறந்து மாளாது. வேலி கட்டிக் குவித்துப் போட்டால் புழு பிடித்துச் சதை கரையும். பிறகு தண்ணீரில் கழுவி அலசி, பித்தளைச் சல்லடைகளில் கண் அளவுப்படி முத்தைத் தரம் பிரிப்பார்கள். கழுவுகிற ஆட்களின் கையை ஒருவன் பார்த்துக்கொண்டே இருப்பான். வாயில் போட்டு விழுங்கினதாகச் சந்தேகம் வந்தால் பிடித்து அடைத்து மருந்து கொடுத்துவிடுவார்கள். என்ன மருந்து என்று உங்களுக்குப் புரியும்.

நாற்றம் எப்படி இருக்கும் என்றால், பாம்பனில் கருவாடு காயப்போட்ட இடத்தில் நின்றுவிட்டு மூக்கைப் பிடிப்பவர்கள் அங்கே பத்தடி வர மாட்டார்கள்.

லிச்லாத்தா

நாற்றத்தை விடாதே தம்பி. அதுதான் உன் மதில்.

ராத்திரி காற்று கரையிலிருந்து கடலுக்கு. அப்போது நாற்றம் கடல் பக்கம் போகும். மனுஷனாகப் பிறந்த எந்தக் காவலாளியும் கடல் பக்கம் நிற்க மாட்டான், ஊர்ப் பக்கம் நகர்ந்துவிடுவான். மதியத்துக்கு மேல் காற்று திரும்பும், காவலாளிகளும் திரும்புவார்கள். அதிகாரி ‘நாலு பக்கமும் நில்’ என்று உத்தரவு போட்டிருப்பார். நிஜத்தில் எப்போதும் ஒரு பக்கம் காலி. இதை ஆடுபவர்களுக்கு நீ வாய் திறந்து சொல்லவே வேண்டாம். பகலில் ஒரு தடவையும் ராத்திரியில் ஒரு தடவையும் அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போ, யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் வர்ணனை செய். மண்டபத்துக்காரர்கள் இரண்டு பேரும் முதலில் கண்டுபிடிப்பார்கள். காற்று பார்ப்பது அவர்கள் பிழைப்பு.

சங்குக் கொட்டகையை அந்த அழுகல் வேலியை ஒட்டியே வைத்துவிடு.

பகடைப்பித்தன்

இப்போதுதான் ருசிக்கிறது. விசர்ட்டும் கிளெரிக்கும் என்ன செய்து எல்லாவற்றையும் கெடுப்பார்கள் என்று பார்த்துவிடலாம். ஐந்தாம் லெவல் என்றால் மூன்றாம் நிலை மந்திரம் வரை கையில் இருக்கும்.

வாட்டர் பிரீதிங்: பத்துப் பேருக்கு 24 மணி நேரம் தண்ணீருக்கடியில் மூச்சு. சடங்காகச் செய்தால் ஸ்லாட்கூட (மந்திரம் போடுவதற்கு உள்ள அளவு) செலவில்லை. கட்டாயம் கடல் வழியாகத்தான் வருவார்கள். வரட்டும். ராத்திரியில் கட்டு அவிழ்ந்திருக்கிறது, சுறா இருக்கிறது. ஹன்டர் சுறாவுக்கு ரத்த வெறி என்று ஒரு குணம் உண்டு, ஏற்கெனவே அடிபட்டவரைக் கடிக்கும்போது அதற்கு அட்வான்டேஜ் (இரண்டு தடவை வீசிப் பெரியதை எடுப்பது; டிஸ்அட்வான்டேஜ் என்றால் சின்னது). பார்பேரியனின் கோடரி நீந்தும் வேகம் இல்லாமல் தண்ணீருக்கடியில் டிஸ்அட்வான்டேஜில்தான் வீசும். ஈட்டி, சூலம், குத்துவாள் என்றால் அந்தத் தொல்லை இல்லை. இதை முதலிலேயே ஒரு குளியாள் வாயால் சொல்லி வைத்துவிடுங்கள்.

இன்விசிபிலிட்டி: ஆளை மறைக்கும், தடத்தை மறைக்காது. இடம் மணல்.

நாக்: பூட்டு திறக்கும், ஆனால் ‘டக்’ என்ற சத்தம் 300 அடிக்குக் கேட்கும். ஓலைக் கொட்டகை ஊரில் 300 அடிக்குள் பாதிச் சந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

லொகேட் ஆப்ஜெக்ட்: 1000 அடிக்குள் பொருள் இருக்கும் திசை தெரிந்துவிடும், ஈயத் தகடு மறைத்தால் தெரியாது. இது இரண்டு பக்கமும் வெட்டும். காவல் பக்கமும் ஒரு மந்திரக்காரன் இருப்பானே. சங்கைத் தூக்கின பிறகு அவன் தேடுவான். அதனால் ஆடுபவர்களுக்கு ஈயம் வேண்டும். சலாபத்தில் ஈயத்துக்கா பஞ்சம், வலையைக் கேளுங்கள்.

இதில் எதையும் தடை செய்யாதீர்கள். ‘இந்தக் கொட்டகையில் மந்திரம் பலிக்காது’ என்று எழுதும் டிஎம்மை நான் மதிப்பதே இல்லை. கஷ்டப்பட்டு ஐந்தாம் லெவல் வந்தவரிடம் திரும்பி முதல் லெவலுக்குப் போ என்பது போல.

கீழக்கரை_டிஎம்

அப்படியானால் சங்கின் ஒரு நாளை எழுதிப் பார்க்கிறேன். நேரத்தை ஜாமமாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு ஜாமம் ஏழரை நாழிகை, நம் கணக்கில் மூன்று மணி நேரம். ராத்திரிக்கு நாலு ஜாமம்.

பொழுது சாயும்போது கடல்கட்டி கரையில் நின்று ஊதுகிறார், கட்டு அவிழ்கிறது. முதல் ஜாமம் சங்கு அவர் மகளிடம் இருக்கிறது. நல்ல தண்ணீரில் கழுவி, துணியில் சுற்றி, பெட்டியில் வைப்பாள். பெட்டி கொட்டகைக்குள், கொட்டகை வாசலில் இரண்டு காவல். இரண்டாம் ஜாம முடிவில், நடுநிசிக்கு, தோணிகள் கிளம்ப வேண்டும். கடல்கட்டி பெட்டியோடு முதல் தோணியில் ஏறுகிறார். மூன்றும் நாலும் கடல் மேல். விடிந்ததும் பார் மேலே ஊதுகிறார், கட்டு விழுகிறது, குளிப்பு தொடங்குகிறது.

ஆக, கொட்டகையில் எடுக்கலாம். கரையில் தோணி ஏறும் கூட்ட நெரிசலில் எடுக்கலாம். தோணியில் எடுக்கலாம். கடல்கட்டியைத் தன் பக்கம் இழுக்கலாம், மகளை இழுக்கலாம். போலிச் சங்கை வைத்து மாற்றலாம். எதற்கும் நான் விடை எழுதவில்லை.

போலிச் சங்கு நடக்குமா? வலம்புரி மாதிரி இன்னொன்றுக்கு எங்கே போவார்கள்?

நீவாடு

நடக்கும், நிஜத்திலேயே நடக்கிறது. அமெரிக்கப் பக்கத்துக் கடலில் ஒரு சங்கினம் இருக்கிறது, அதற்கு இயல்பிலேயே சுழி இந்தப் பக்கம்தான். அங்கே கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அதை இங்கே கொண்டுவந்து வலம்புரி என்று விற்று ஏமாற்றுகிறார்கள். தெரியாதவர்கள் பூஜையறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

கண்டுபிடிக்கிற வழி வெளியே இல்லை, வாய்க்குள் இருக்கிறது. நம் சங்கைத் திருப்பிப் பிடித்து உள்ளே பார்த்தால், நடுத்தண்டில் மூன்று நாலு வரப்பு மாதிரி மடிப்பு ஓடும். விரலை விட்டால் தட்டும். அந்தப் போலியில் தண்டு வழவழப்பாக இருக்கும்.

உங்கள் ஊரிலேயே சங்கு வியாபாரக் குடும்பங்கள் உண்டே, வங்காளத்து வளையலுக்கு இங்கிருந்துதானே காலம் காலமாகப் போகிறது. கேட்டுப் பாருங்கள், கையில் கொடுத்தே காட்டுவார்கள்.

உச்சிப்புளி_ஊடுருவி

ஐயோ இது அருமை. தூர தேசத்து வியாபாரியிடம் போலி வாங்க வேண்டும், முகாமில் ஒரு சங்கறுப்பவர் அதைப் பார்த்துவிடக் கூடாது.

அந்தச் சங்கறுப்பவருக்கு நக்கீரர் குணம் கொடுங்கள் அண்ணே. ராஜாவே வந்து ‘அசல்’ என்றாலும் ‘இல்லை’ என்று சொல்கிற ஆள்.

லிச்லாத்தா

அவரை எதிரியாக வைக்காதே. தகவல் சொல்கிற வாயாக வை. ஒரு விஷயம் தெரியாமல் களவு நடக்காது என்றால் அது முகாமில் குறைந்தது மூன்று இடத்தில் கிடைக்க வேண்டும். வரப்பு விஷயம் சங்கறுப்பவரிடம் இருக்கிறது. மகள் கழுவும்போது உள்ளே விரல் விட்டுத் துடைப்பதைப் பார்த்தாலும் தெரியலாம். ஏமாந்துபோன ஒரு வியாபாரி கடையில் புலம்பிக்கொண்டிருக்கலாம். ஆடுபவர்கள் மூன்றில் இரண்டைத் தவறவிடுவார்கள். எப்போதும் தவறவிடுவார்கள்.

இப்போது பெரிய விஷயம். யாரும் சொல்லவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். போலிச் சங்கை வைத்து மாற்றியாயிற்று, யாருக்கும் தெரியவில்லை, தோணிகள் நடுநிசிக்குக் கிளம்பிவிட்டன. விடிந்ததும் கடல்கட்டி போலியை ஊதுவார். கட்டு விழாது. குளியாட்கள் கல்லில் கால் வைத்து இறங்குவார்கள்.

உச்சிப்புளி_ஊடுருவி

…

பகடைப்பித்தன்

இதைக் கடைசியில் அதிர்ச்சியாக அவிழ்த்தால் மேசையே கவிழ்ந்துவிடும். ‘நீங்கள் நூறு பேரைக் கொன்றுவிட்டீர்கள்’ என்று டிஎம் சொல்வது நயவஞ்சகம். அவர்கள் அறிந்து எடுத்த முடிவு இல்லை அது.

லிச்லாத்தா

அதிர்ச்சியாக யார் வைக்கச் சொன்னது? வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னாலேயே தெரிய வேண்டும். முதல் காட்சியே பகலில் ஒரு தோணியில் நடக்கட்டும். சுறா ஒன்று குளியாளுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில், ஆடு மாதிரி சாதுவாகப் போகிறது. கயிறு பிடித்திருக்கிற மச்சான் வெற்றிலை மென்றுகொண்டு, ‘சங்கு ஊதியிருக்கு, ஒண்ணும் செய்யாது’ என்கிறார். அது போதும். அதற்குப் பிறகு வியாபாரி வந்து வேலையைச் சொல்லட்டும்.

வியாபாரிக்கும் காரணம் இருக்கிறது பார். முந்தின ஏலங்களில் சிப்பியை அள்ளிக் குவித்து வைத்திருக்கிறார். சலாபம் நின்றுபோனால் கையிருப்பு விலை எகிறும். அவருக்குச் சங்கே வேண்டாம், சங்கு இல்லாமல் போனால் போதும். ஊடுருவி கேட்ட மாதிரி அவர் காலை வாரவும் தேவையில்லை. சொன்ன காசைச் சொன்ன நேரத்தில் எண்ணிக் கொடுப்பார். கெட்டவர்தான், நாணயமான கெட்டவர்.

கீழக்கரை_டிஎம்

என் பார்பேரியன் இதைக் கேட்டால் வியாபாரியை அங்கேயே வெட்டுவான், லாத்தா.

லிச்லாத்தா

வெட்டட்டுமே. அதுவும் ஒரு சாகசம். ஆனால் என் பந்தயம், வெட்ட மாட்டார்கள். காசையும் வாங்கிக்கொண்டு குளியாட்களையும் காப்பாற்ற ஏதாவது கிறுக்குத்தனமான வழி கண்டுபிடிப்பார்கள். ‘சங்கை நாமே விடியலில் பாரில் போய் ஊதினால் என்ன?’ என்று ஒருவர் கேட்பார். அந்த இடத்தில் நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்தால் போதும்.

நீவாடு

இல்லை, முன்னாலேயே தெரிந்துவிட்டால்? நடுநிசிக்கு முன்னால் சங்கு காணோம் என்று கூச்சல் எழுந்தால் ஒரு தோணியும் கிளம்பாது. மொத்தக் குளியாட்களும் கரையில். அவர்கள் அன்றாடம் பிழைப்பவர்கள், கோபம் எப்படி இருக்கும் என்று கடற்கரையில் பிறந்தவனுக்குத் தெரியும். காவலாளிகள் பரவாயில்லை என்று ஆகிவிடும்.

பகடைப்பித்தன்

நல்லது, ஆக இரண்டு கெடு. மாற்றியது தெரிந்தால் நடுநிசியில் கலவரம். தெரியாவிட்டால் விடியலில் சுறா.

எச்சரிக்கையை ‘தெரிந்தது / தெரியவில்லை’ என்று இரண்டாக வைக்க வேண்டாம். ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாக்குங்கள், எல்லாரும் பார்க்கிற மாதிரி மேசை நடுவில். தோற்ற வீச்சுக்கு ஒரு துண்டு, சத்தத்துக்கு இரண்டு. இரண்டு துண்டு நிறைந்தால் நாய் குரைக்கும், காவலாளி எழுந்து சிறுநீர் கழிக்கப் போவான். நாலு நிறைந்தால் கொட்டகையில் விளக்கு ஏற்றுவார்கள், பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஆறு நிறைந்தால் பறை. தோற்ற வீச்சு ஒவ்வொன்றும் சண்டையாக மாறாமல் இருக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

லாத்தாவின் பின்னோக்கும் காட்சிக்கும் ஒரு சமரசம் சொல்கிறேன். ஆளுக்கு ஒன்றுதான், விலை ஒரு ஹிட் டைஸ் (ஓய்வெடுக்கும்போது உயிர்ப்புள்ளியை மீட்க வீசும் பகடை). முந்தின நாள் ஓடி அலைந்த களைப்பு என்று கதையில் சொல்லிக்கொள்ளலாம். மந்திரம் என்றால் ஸ்லாட்டும் அப்போதே போய்விட வேண்டும். உண்மையாக வேவு பார்த்தவருக்கு மட்டும் ஹிட் டைஸ் வேண்டாம், இலவசம். ரோக் சும்மா உட்காராது.

லிச்லாத்தா

கடைசி வாக்கியத்துக்காக மன்னித்தேன். திட்டம் போடுவதற்கும் ஒரு கெடு வை தம்பி. போனில் அலாரம், அரை மணி நேரம். அது அடித்ததும் ‘முதல் ஜாமம், எங்கே நிற்கிறீர்கள்?’ என்று கேட்டுவிடு.

மட்டுறுத்துநர்

ஹன்டர் சுறாவுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி கொடுப்பது என்று தனிமடலில் சண்டை போட்டுக்கொள்ளும் இருவரும் அங்கேயே முடித்துக்கொள்ளவும். இழை நன்றாகப் போகிறது.

கீழக்கரை_டிஎம்

முக்கால்வாசி எழுதிவிட்டேன். தப்பி ஓடும் பகுதிதான் மிச்சம். உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் கஷ்டம் என்று வைக்க நினைக்கிறேன். மண்டபத்துக்காரர்கள் எப்படியும் படகைத்தான் எடுப்பார்கள். துரத்தலுக்கு என்ன வீச்சு வைக்கலாம்?

பகடைப்பித்தன்

விதிப்புத்தகத்தில் துரத்தலுக்குத் தனி அட்டவணையே இருக்கிறது. நகரத்துக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்று. கடலுக்கு நீங்களே எழுத வேண்டும்.

நீவாடு

வீச்சு எதற்கு? காற்றே போதும்.

நடுநிசிக்கு மேல் கரைக்காற்று. அப்போது பாய் விரித்தால் கடலுக்குள் தானாகத் தள்ளிவிடும். ஆனால் அதே காற்றில் சலாபத் தோணிகள் மொத்தமும் போகும். கூட்டத்தோடு கூட்டமாகக் கலந்துவிடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். அது நல்ல பக்கம். கெட்ட பக்கம், கூட்டம் போகிற இடம் பார்தான். வழியில் பிரிந்து தனியாகப் பாய் திருப்பினால் கண்ணில் படும்.

விடிந்த பிறகு கரைக்காற்று செத்துவிடும். கொஞ்ச நேரம் கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும், துடுப்புதான். மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும்பி ஆளை நேராக முகாமுக்கே திருப்பிக் கொண்டுவந்து விடும். ஆக எப்போது கிளம்பினார்கள் என்பதைப் பொறுத்து எங்கே போக முடியும் என்பது முடிந்துவிடுகிறது. ஜாமம் ஒன்றுக்கு ஒரு அம்புக்குறி வரைந்து வையுங்கள். பார்பேரியனுக்குத் துடுப்பு கொடுங்கள், விடியலுக்கு மேல் அவனுக்குத்தான் வேலை.

கீழக்கரை_டிஎம்

அம்புக்குறி வரைந்தாயிற்று. ஒரு சந்தேகம். இரண்டாம் பாகம் எழுதினால் அதைக் கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் வைக்கலாம் என்று இருக்கிறேன். தென்கடலில் திருடிவிட்டுத் தென்கடலிலேயே ஓடுவார்களா?

நீவாடு

கச்சானில் தென்கடல் பக்கம் நிற்கவே முடியாது, சீறும். வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடைக் காலத்தில் அப்படியே தலைகீழ். தனுஷ்கோடிப் பக்கம் ஆண் கடல், பெண் கடல் என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நிலம் அங்கே அவ்வளவு ஒடுக்கம், இந்தக் கரையில் நின்றால் அந்தக் கடல் தெரியும். படகைத் தோளில் தூக்கி மணலைத் தாண்டி மறுபக்கம் இறக்கிவிட்டால் துரத்துபவன் சுற்றி வர வேண்டும். பாம்பன் கால்வாய் வழியாகச் சுற்றலாம் என்று அவன் நினைத்தால், கச்சானில் நீவாடு (கடல் நீரோட்டம்) அங்கே தெற்கேயிருந்து வடக்கே இழுக்கும், அவனுக்கு உதவிதான். அதனால் படகு தூக்குகிறவர்கள் நிதானமாகத் தூக்க முடியாது.

எவ்வளவு கனமான படகு என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். வத்தை என்ற சிறு படகு என்றால் நாலு பேர் தூக்கிவிடலாம் என்று உங்கள் மண்டபத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

உச்சிப்புளி_ஊடுருவி

அண்ணே, ஐந்தாவது ஆளாக இடம் இருக்கிறதா? இழையை முழுக்கப் படித்துவிட்டேன், எல்லா ரகசியமும் தெரியும். கடல்கட்டி மகளாக என்னை ஆட விடுங்கள்.

கீழக்கரை_டிஎம்

வா. ஆனால் அவர்கள் பக்கமா, அப்பா பக்கமா என்று அன்றைக்கு ராத்திரி வரை எனக்கும் சொல்லாதே. உச்சிப்புளியிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடிக்காதே, ஆட்டம் முடிய விடிந்துவிடும்.